தரவும் கொடையும்

பாடம் முடிந்து எழும் வேளையில் மாணவர் ஒருவர் கேட்டார்: "கோடிக்கணக்கில் சம்பாதிக்கும் விளையாட்டு வீரர்கள் பேரிடர்க் காலத்தில் இன்னும் அதிகமாகக் கொடுக்க வேண்டாமா, ஐயா?" கொடுக்கத்தான் வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வியில் உள்ள 'இன்னும்', 'கொடு' என்னும் இரு சொற்களையும் பிரித்துப் பார்க்காமல் சொன்ன விடை அது. வீடு வந்து சேரும் வரை அந்த உறுத்தல் போகவில்லை. விட்ட பகுதியை இங்கே பொறுமையாகச் சொல்ல முயல்கிறேன்.

கேட்கும் சொல்லிலிருந்து தொடங்குவோம். இரத்தலுக்குரிய சொற்களாகத் தொல்காப்பியச் சொல்லதிகாரம் மூன்றைக் காட்டுகிறது: ஈ, தா, கொடு. கேட்பவர் தாழ்ந்த நிலையில் இருந்தால் 'ஈ' என்பார். ஒத்த நிலையில் இருந்தால் 'தா' என்பார். உயர்ந்த நிலையில் இருந்தால் 'கொடு' என்பார். கேட்கப்படும் பொருள் ஒன்றாகவே இருக்கலாம். கேட்பவர் எங்கே நிற்கிறார் என்பதைக் கொண்டே சொல் மாறுகிறது. இந்த நுட்பத்தை நம் வினாவின்மேல் வைத்துப் பாருங்கள். வெள்ளத்தில் வீடிழந்தவர் ஒரு வீரரிடம் கேட்டால் அது 'ஈ'. உடன் ஆடும் தோழர் கேட்டால் அது 'தா'. வீட்டில் அமர்ந்து ஏலத்தொகையைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வாங்குகிறாரே, கொடுத்தாலென்ன" என்று சொல்லும் நாம் எடுத்திருப்பது 'கொடு'. இடருற்றவரும் நாமல்லோம், பொருளுடையவரும் நாமல்லோம். இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டு, உயர்ந்தவர்க்குரிய சொல்லைக் கையில் எடுத்திருக்கிறோம். அப்படிக் கேட்க நமக்கு என்ன உரிமை என்பதே முதலில் தெளியவேண்டிய ஐயம்.

உரிமை உண்டு என்றே கருதுகிறேன். அது வீரரின் செல்வம் பிறக்கும் இடத்தில் இருக்கிறது. 1983-ல் இந்தியக் கிரிக்கெட் அணி உலகக் கோப்பையை வென்று திரும்பியபோது, வீரர்களுக்குத் தக்க பரிசளிக்க வாரியத்திடம் பணம் இல்லை. பாடகி லதா மங்கேஷ்கர் தில்லியில் இசை நிகழ்ச்சி நடத்தினார். அதில் திரண்ட நிதியிலிருந்து ஒவ்வொரு வீரருக்கும் 1 இலட்சம் ரூபாய் கிடைத்தது. 2020 ஐபிஎல் பருவத்துக்கு ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் பேட் கம்மின்ஸைக் கொல்கத்தா அணி ஏலத்தில் எடுத்த விலை 15.5 கோடி ரூபாய். கம்மின்ஸ் மிகச் சிறந்த பந்துவீச்சாளர், ஐயமில்லை. ஆயினும் 1983-ல் வென்ற கபில் தேவின் அணியினரைவிட ஆயிரம் மடங்கு திறன் கூடியவர் என்று எவரும் சொல்லமாட்டார். இடைப்பட்ட காலத்தில் பெருகியவை கண்கள். தொலைக்காட்சியும் கைபேசியும் கோடிக்கணக்கான கண்களை ஒரே திசையில் திருப்பின. அந்தப் பார்வையைத்தான் ஒளிபரப்பாளரும் விளம்பரதாரரும் விலைகொடுத்து வாங்குகிறார்கள். திறனும் உழைப்பும் வீரருடையவை. அவற்றுக்கு இத்தனை பெரிய விலை ஏற்பட்டது பார்ப்பவர்களால். ஆகவே பார்ப்பவர்கள் கேட்கும்போது, அந்தக் குரலில் ஒரு பங்காளியின் தொனி இருப்பதில் தவறில்லை. ஆனால் பங்காளிக்குரிய சொல் 'தா' என்பதையும் மறக்கலாகாது.

இதே உண்மைக்கு இன்னொரு முகம் உண்டு. திருக்குறளின் இல்லறவியலில் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன: ஒப்புரவறிதல், ஈகை, புகழ். 22, 23, 24 என்னும் அந்த வரிசையை நான் வைப்புமுறைத் தற்செயலாக எண்ணுவதில்லை. உலகநடையை அறிந்து அதற்கு ஒத்து ஒழுகுவதை ஒப்புரவு என்பர் உரையாசிரியர்கள். அச்சொல்லின் அடியிலேயே 'ஒப்பு' இருக்கிறது. ஊரோடு ஒத்தவன் ஊருக்குச் செய்வது அது. அங்கே மேல் கீழ் இல்லை. ஈகை, இல்லாதவர்க்கு உடையவர் தருவது. இவ்விரண்டும் நிகழ்ந்த பின்னர் விளைவது புகழ். செயல் முன்னே, பெயர் பின்னே.

விளையாட்டு வீரர் வாழ்வில் இந்த வரிசை தலைகீழாகிறது. இருபது வயதிலேயே புகழ் வந்துவிடுகிறது. ஈகைக்கும் ஒப்புரவுக்கும் அப்போது வாய்ப்பே வந்திருக்காது. விளைச்சலை முதலில் பெற்றுக்கொண்டு, விதைப்பைப் பின்னர் செய்யவேண்டிய நிலை. பெருஞ்செல்வர் பலரையும்விட வீரரிடம் நாம் கூடுதலாக எதிர்பார்ப்பதற்கு இது ஒரு நியாயமான காரணம். தொழிலதிபரை ஏன் இப்படிக் கேட்பதில்லை என்று சிலர் வினவுவார்கள். அவரையும் கேட்கவேண்டும், அவர் தப்பிவிடுகிறார் என்பது வீரரை விடுவிக்கும் வாதமாகாது. அரசின் கடமை முதன்மையானது என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. 2004 ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டிலேயே இந்தியா பேரிடர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது அதனால்தான். அரசு கட்டவேண்டிய அணையை எந்த ஆட்டக்காரரின் காசோலையும் கட்டித் தராது. அரசின் கை எட்டுவதற்கு முன்பும், எட்டி விலகிய பின்பும் இருக்கும் இடைவெளிகளைப் பற்றியே இங்கே பேசுகிறோம்.

இனி 'இன்னும்' என்னும் சொல். எதைவிட இன்னும்?

2017 ஆகஸ்டில் ஹார்வி புயல் டெக்சஸ் மாநிலத்தைத் தாக்கி ஹூஸ்டன் நகரை நீரில் ஆழ்த்தியது. அந்நகரின் அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆடிவந்த ஜே.ஜே. வாட், தம் கையிலிருந்து 1 இலட்சம் டாலர் இட்டு ஒரு நிதியைத் தொடங்கினார். முதலில் வைத்த இலக்கு 2 இலட்சம் டாலர். திரண்டதோ 3 கோடியே 70 இலட்சம் டாலருக்கு மேல். ஆறு ஆண்டுகளுக்குச் சுமார் 10 கோடி டாலர் ஒப்பந்தம் பெற்றிருந்தவர் அவர். ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் அவர் முதலில் இட்டது ஆயிரத்தில் ஒரு பங்கு. திரண்டதோடு ஒப்பிட்டால் அவர் பெயர் ஈட்டியது முந்நூற்றெழுபது மடங்கு. கஞ்சத்தனம் என்றும் சொல்லலாம், பெருங்கொடை என்றும் சொல்லலாம். எண்களை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டுமே சரியாகத் தோன்றும். எனக்குத் தோன்றுவது வேறு. அவரிடம் இருவகைச் செல்வம் இருந்தது: ஒன்று வங்கியில், மற்றொன்று மக்களின் நம்பிக்கையில். இரண்டாவதை எடுத்துச் செலவிட முதலாவதிலிருந்து ஒரு பங்கைத் தாமே முன்வைக்கவேண்டியிருந்தது. தாம் போடாத உண்டியலில் பிறரைப் போடச் சொல்ல முடியாது.

அந்த இரண்டாவது செல்வம் எத்தகையது என்பதை ஒரு தொப்பி காட்டும். 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் காட்டுத்தீ நிவாரணத்துக்காகச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் தம் டெஸ்ட் கிரிக்கெட் பச்சைத் தொப்பியை ஏலம் விட்டார். 10,07,500 ஆஸ்திரேலிய டாலருக்குப் போனது. துணியின் விலை எதுவுமில்லை. அதை அணிந்து அவர் வீசிய பந்துகளைப் பார்த்திருந்த ஒரு நாட்டின் நினைவுக்குக் கிடைத்த விலை அது. அதே தீயின்போது டென்னிஸ் வீரர் நிக் கிர்ஜியோஸ், எதிராளி தொடமுடியாத ஒவ்வொரு சர்வுக்கும் 200 டாலர் தருவதாக அறிவித்தார். தொகை பெரிதன்று. ஆனால் மற்ற ஆட்டக்காரர்களும் எளிதில் பின்பற்றக்கூடிய ஒரு வடிவத்தை அது தந்தது, பலர் பின்பற்றினர்.

ஆகவே 'யார் எவ்வளவு கொடுத்தார்' என்று வரிசைப்படுத்திப் பட்டியல் போடும் பழக்கத்தில் எனக்கு உடன்பாடில்லை. பெயர் சொல்லாமல் தருபவர் அதில் இடம்பெறமாட்டார். வேகப்பந்து வீச்சாளரின் தொழில் ஆயுள் பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். முதுகெலும்பு முறிந்தால் அதுவுமில்லை. அந்தக் கணக்கும் பட்டியலில் வராது. தம் வருமானத்தில் இவ்வளவு பங்கு பிறர் இடருக்கு என்று ஒருவர் முன்கூட்டியே தமக்குள் வரையறுத்துக்கொண்டால், 'இன்னும்' என்னும் சொல்லின் பாதிச் சுமை குறைந்துவிடும். மறுபாதி தொகையைப் பற்றியதே அன்று. அதைக் காண 'நிவாரணம்' என்ற சொல்லுக்குள் போகவேண்டும்.

நிவாரணம் என்றால் நாம் உதவித்தொகை என்று எண்ணிப் பழகிவிட்டோம். அது வடமொழிச் சொல். தடுத்தல், விலக்குதல், நீக்குதல் என்பவை அதன் பொருள்கள். தலைவலி நிவாரணி என்கிறோம்; வலி நீங்கினால்தான் அப்பெயர் அதற்குப் பொருந்தும். இடர் என்பது துன்பம், பேரிடர் பெருந்துன்பம். பேரிடர் நிவாரணம் என்றால் பெருந்துன்பத்தை நீக்குதல். காசோலையில் கையொப்பமிட்ட நாள் நிவாரணத்தின் தொடக்கம். துன்பம் நீங்கிய நாளே அதன் முடிவு. இரண்டுக்கும் நடுவே சில வேளை பத்தாண்டுகள் கிடக்கின்றன. நாம் சொல்லின் முதல் நாளை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டோம். படகு, சோறு, போர்வை ஆகியவை முதல் வாரத்தின் தேவைகள். அந்த வாரத்தில்தான் கேமராக்களும் வருகின்றன, நிதியும் வருகிறது. பள்ளிக்கூடச் சுவர், வலை, தையல் இயந்திரம், உறங்கமுடியாத பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல ஓர் ஆள் ஆகியவை மூன்றாம் ஆண்டின் தேவைகள். அப்போது யாரும் பார்ப்பதில்லை.

இந்த இடைவெளியில் முதலில் எழும் ஐயம், கொடுத்தது போய்ச் சேர்ந்ததா என்பது. அந்த ஐயத்துக்குத் தம் உயிரையே விடையாகக் கொடுத்தவர் ரொபர்ட்டோ கிளமெண்டே. போர்ட்டோ ரீக்கோவில் பிறந்து, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்குப் பேஸ்பால் ஆடியவர். மட்டையால் 3,000 'ஹிட்' அடிகளை எட்டியவர். 1972 டிசம்பர் 23 அன்று நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவை நிலநடுக்கம் தரைமட்டமாக்கியது. ஒரு மாதத்துக்கு முன்புதான் ஒரு போட்டிக்காகக் கிளமெண்டே அந்நகரில் தங்கியிருந்தார். அங்குள்ள மனிதர்கள் அவருக்கு வெறும் செய்தி அல்லர். உணவும் மருந்தும் திரட்டி விமானங்களில் அனுப்பினார். அனுப்பியவை உரியவர்களுக்குச் செல்லாமல், ஆட்சியில் இருந்த சொமோசாவின் படையினர் கைக்குப் போகின்றன என்ற செய்தி வந்தது. தாம் நேரில் போனால் தடுக்கமாட்டார்கள் என்று எண்ணி, டிசம்பர் 31 இரவு, அளவுக்கு மீறிச் சுமையேற்றப்பட்ட பழைய விமானம் ஒன்றில் தாமே ஏறினார். எழுந்த சிறிது நேரத்தில் அது கடலில் விழுந்தது. அவருக்கு அப்போது வயது 38. உடல் கிடைக்கவே இல்லை.

உயிரைக் கொடு என்று எவரையும் கேட்பது அறமாகாது. கிளமெண்டேயை நான் முன்மாதிரியாக நிறுத்தவும் இல்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வியை எந்தக் கொடையாளரும் தவிர்க்கலாகாது. தம் பெயரை நம்பி வந்த பொருள் எங்கே போகிறது என்று அவர் பார்த்தார். 2021 ஏப்ரலில் கொரோனா இரண்டாம் அலையில் இந்தியா மூச்சுக்காற்றுக்குத் தவித்தபோது, கம்மின்ஸ் 50,000 டாலரைப் பிரதமரின் பிஎம் கேர்ஸ் நிதிக்குத் தருவதாக அறிவித்தார். சில நாட்களில் அதை யுனிசெஃப் ஆஸ்திரேலியாவின் இந்திய உதவி நிதிக்கு மாற்றினார். எந்த வழி சிறந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. அறிவித்ததோடு நில்லாமல் வழியையும் எண்ணிப் பார்த்தார் என்பதே எனக்கு முக்கியம். எண்ணிப் பாராததன் விளைவை விளையாட்டுக்கு வெளியே ஒரு நிகழ்ச்சி காட்டுகிறது. ஆஸ்திரேலியத் தீயின்போது நகைச்சுவைக் கலைஞர் செலஸ்ட் பார்பர் ஒரு தீயணைப்பு அறக்கட்டளைக்காக 5 கோடி டாலருக்கு மேல் திரட்டினார். தீயில் வீடிழந்தவர்களுக்கும் பிற மாநிலங்களுக்கும் அதைப் பகிர அவர் விரும்பியபோது, அறக்கட்டளையின் ஆவணம் இடங்கொடாது என்று நியூ சவுத் வேல்ஸ் உச்ச நீதிமன்றம் 2020 மே மாதம் தீர்ப்பளித்தது. நல்லெண்ணம் குறையவில்லை, பணமும் குறையவில்லை. பணத்தின் வாய்க்கால் வேறு பக்கம் வெட்டப்பட்டிருந்தது.

அடுத்தது, நிலைத்து நிற்றல். இதற்கு எனக்குத் தெரிந்த ஆழமான சான்று இலங்கையின் தென்கரையில் இருக்கிறது. ஹிக்கடுவையை அடுத்த சீனிகம ஒரு சிங்களக் கிராமம். அவ்வூரைச் சேர்ந்த வணிகர் குஷில் குணசேகர 1999-ல் 'ஃபவுண்டேஷன் ஆஃப் குட்னஸ்' என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். கண்டியில் பிறந்த தமிழரான சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் அதன் அறங்காவலர்களில் ஒருவர். இவை ஆழிப்பேரலைக்கு முன்பே நடந்தவை என்பதைக் கவனியுங்கள். 2004 டிசம்பர் 26 அன்று முரளியும் அக்கிராமத்துக்குப் போகவேண்டியவர்; தாமதமானதால் தப்பினார். இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீனிகமவுக்கு அருகில் பேரலியவில் ஒரு ரயிலே அலையில் அடித்துச் செல்லப்பட்டது.

உலகம் உடனே கொடுத்தது, அதை நன்றியோடு சொல்லவேண்டும். 2005 ஜனவரி 10 அன்று மெல்பர்னில் ஆசிய அணிக்கும் உலக அணிக்கும் நடந்த ஒரே ஓர் ஆட்டம் 1 கோடியே 40 இலட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் திரட்டியது. கார்ப் பந்தய வீரர் மைக்கேல் ஷூமாக்கர் தனியொருவராக 1 கோடி அமெரிக்க டாலர் தந்தார். முரளி செய்தது வேறு வகை. பத்து லாரிகள் கொண்ட மூன்று அணிகளைத் தம் செலவில் ஏற்பாடு செய்து, பொருள்கள் போய்ச் சேர்வதைத் தாமே மேற்பார்த்தார். அடுத்து வீடு கட்டும் கட்டம் வந்தது, சிமெண்ட் தட்டுப்பாடு. அப்போது லஃபார்ஜ் என்னும் சிமெண்ட் நிறுவனத்துக்கு விளம்பரத் தூதராக ஒப்பந்தம் செய்துகொண்டார். ஊதியம் பணமாக வேண்டாம், அறக்கட்டளைக்குச் சிமெண்டாக வரவேண்டும் என்பது ஏற்பாடு. இந்த நிகழ்ச்சியை நான் பலமுறை எண்ணி வியந்திருக்கிறேன். புகழ் என்னும் கண்ணுக்குத் தெரியாத பொருள், இடையில் ரூபாயாகக்கூட நிற்காமல், நேரே சுவராகிறது. ஆழிப்பேரலைக்குப் பிந்திய மூன்று ஆண்டுகளில் அந்த அறக்கட்டளை 40 இலட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. வீடுகளும் பள்ளிகளும் விளையாட்டிடங்களும் கணினிக் கூடங்களும் எழுந்தன. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2013-ல், இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் வீரர் இயன் போத்தம் அதே அறக்கட்டளைக்காக இலங்கையில் 160 மைல் நடந்து சீனிகமவில் வந்து நின்றார். ஒன்பதாம் ஆண்டிலும் அங்கே கேட்க ஆள் இருந்தது, கொடுக்க ஆள் இருந்தது.

தொகையால் அளந்தால் ஷூமாக்கர் முன்னே நிற்பார். அவரைக் குறைத்துச் சொல்ல நான் யார்? ஆனால் மாணவரின் 'இன்னும்' எந்தத் திசையில் நீளவேண்டும் என்று கேட்டால், நான் சீனிகமவின் திசையைக் காட்டுவேன். ஏன் என்பதற்கு மீண்டும் தொல்காப்பியத்துக்கே வருகிறேன். கொடு, தா இரண்டுக்கும் இன்னொரு வேறுபாட்டையும் அந்நூல் சொல்கிறது. தருதலும் வருதலும் தன்மைக்கும் முன்னிலைக்கும் உரியவை. செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை. எனக்குத் தா, உனக்குத் தருகிறேன், அவனுக்குக் கொடு. மலையாளம் இந்த வரம்பை இன்றும் கட்டிக் காக்கிறது; நம் பேச்சில் அது தளர்ந்துவிட்டாலும் காதுக்கு இன்னும் தெரிகிறது. பெறுபவர் 'அவர்' ஆக இருக்கும் வரை அது கொடை. பெறுபவர் எதிரே நின்று 'நீங்கள்' ஆகிவிட்டால் அது தரவு. வாட் தம் நகரத்தாருக்குச் செய்தது தொடக்கத்திலிருந்தே தரவு. கிளமெண்டேக்கு மனாகுவா ஒரு மாதத்துக்கு முன்புதான் முன்னிலையாகியிருந்தது. அதனால்தான் விமானத்தில் ஏறினார். முரளி சீனிகமவைப் பேரிடருக்கு முன்பே அறிந்திருந்தார். அதனால்தான் வீடு கட்டும் கட்டத்தில் அங்கே தேவை சிமெண்ட் என்பது அவருக்குத் தெரிந்தது. தூரத்திலிருந்து கொடுப்பவருக்குத் தேவை தெரியாது. தொகை மட்டுமே தெரியும்.

இலங்கையின் உள்நாட்டுப் போர் முடிந்தபின் சீனிகம அறக்கட்டளையின் பார்வை வடக்கே திரும்பியது. 2012-ல் முரளியின் பெயரில் நல்லிணக்கக் கிண்ணக் கிரிக்கெட் போட்டி தொடங்கியது. யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் பிள்ளைகள் மட்டை பிடித்தார்கள். அலை எடுத்துப் போன சிங்களக் கிராமம் ஒன்றில் வேர்விட்ட பணி, போர் எடுத்துப் போன தமிழூர்களுக்கு வந்து சேர்ந்தது. அங்குள்ள பையன் ஒருவன் முரளியிடம் பந்தோ கையுறையோ கேட்க விரும்பினால், வேற்றுமொழி தேடவேண்டியதில்லை. பெரியவரிடம் மரியாதையோடு கேட்க அவ்வூர்த் தமிழில் உள்ள சொல் 'தாங்கோ'.